வடிகஞ்சி கொட்டிய முகாமும் அதற்குப் பிறகும்: ஒரு பள்ளிச் சாரணர் படையின் ஓராண்டு

இந்த ஆய்வு தேனி மாவட்டத்தில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஆண்கள் பள்ளியின் சாரணர் படையைப் பற்றியது. பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் இல்லை. மாணவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சாரண ஆசிரியர்களுக்குப் பயிற்சியில் உதவுகிறவன் என்ற முறையில், முதல் முகாம் முடிந்த மறுவாரம் என்னை அழைத்தார்கள். அதிலிருந்து கல்வியாண்டு முடியும்வரை கூட இருந்து பார்த்தேன். அந்த முதல் முகாமில் நடந்ததை மட்டும் ஆசிரியரிடமும் பையன்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன்.

பின்னணி

படையில் 24 பேர், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. மூன்று அணிகள், அணிக்கு எட்டுப் பேர். ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர் என்பது பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வழக்கம்தான், எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. பிரித்த விதத்தில்தான் சிக்கல் இருந்தது. ஆறும் ஏழும் ஓர் அணி, எட்டு ஓர் அணி, ஒன்பது ஓர் அணி. ஒரே வகுப்புப் பையன்களை ஒன்றாக வெளியே விட்டால் கால அட்டவணை குழம்பாது என்பதுதான் காரணம். அணித் தலைவர்களை ஆசிரியரே நியமித்திருந்தார். வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவன் தலைவன்.

சாரண ஆசிரியர் அந்தப் பள்ளியின் கணித ஆசிரியர். இருபது ஆண்டுக்கு மேல் படையை நடத்திய மூத்தவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு இவரிடம் வந்தது. அடிப்படைப் பயிற்சி முடித்தவர், உழைப்பாளி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மைதானத்தில் படை வரிசையாக நிற்கும். ஆசிரியர் விசில் ஊதி 'ஒன்று' என்றால் கயிற்றின் வலது முனை மேலே போகும், 'இரண்டு' என்றால் சுற்றி வரும், 'மூன்று' என்றால் இழுத்து இறுக்குவார்கள். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், க்ளவ் ஹிட்ச் என்ற முடிச்சுகளை எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் போடுவார்கள். சுதந்திர தின அணிவகுப்பில் ஸ்கார்ஃப் கலையாமல் நடப்பார்கள். சாரணர் பயிற்சியின் மூன்றாம் படியான திருதிய சோபான் வரை தடங்கல் இல்லாமல் பையன்கள் ஏறிக்கொண்டிருந்ததால் பள்ளிக்கும் பெற்றோருக்கும் திருப்திதான். பெற்றோரில் பலருக்கு முக்கியம் சான்றிதழ். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டு என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் முகாம்

காலாண்டு விடுமுறையில் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் ஓர் இரவு முகாம். காலையில் போனதும் ஒன்பதாம் வகுப்பு அணி சமையல் மேடை கட்டியது. நாலு குச்சிகளை மண்ணில் ஊன்றி, குறுக்கே தைல மரக் கம்புகளை லாஷிங் (கம்புகளைக் கயிற்றால் பிணைக்கும் கட்டு) போட்டுக் கட்டி, மேலே மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பினார்கள். பார்க்க நன்றாகவே இருந்திருக்கிறது. ஆசிரியர் அப்போது கூடாரம் அடிக்கும் சின்னப் பையன்களோடு இருந்தார்.

மதியம் சோற்றுப் பானையை அந்த மேடையில் சாய்த்து வைத்துக் கஞ்சி வடித்தார்கள். பானையின் பாரத்தில் ஒரு பக்கக் கம்பு வழுக்கிக் கீழே இறங்கியது. பானை உருண்டு, பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பையனின் வலது கால்மேல் வடிகஞ்சி கொட்டியது. அவன் கேன்வாஸ் ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தான். துணி சூட்டைப் பிடித்துக்கொண்டதால் கத்திக்கொண்டே ஓடினான்.

அடுத்த ஓரிரு நிமிடங்களை ஏழெட்டுப் பையன்களிடம் கேட்டேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஒருவன் பையைத் துழாவிப் பற்பசை எடுத்தான். இன்னொருவன் "இங்க் பேனா இருக்கா, இங்க்?" என்று கேட்டபடி ஓடினான். முதலுதவித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்த அணித் தலைவன் முதலுதவிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டான், திறக்கவில்லை. ஆசிரியர் இருந்த பக்கம் பார்த்து, "சார், என்ன சார் பண்ணட்டும்?" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றான்.

பையனைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் தொட்டியில் உட்கார வைத்தது தோட்டக் காவல்காரரின் மனைவி. குழாய்த் தண்ணீரைக் காலில் விழவிட்டார். ஓடிவந்த ஆசிரியர் தண்ணீருக்கு அடியிலேயே ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் தோலில் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டு மெதுவாக உருவினார். ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இருபது நிமிடம் ஓடும் நீரில் காலை வைத்திருந்து, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். மேல்தோல் காயம்தான். உடனே தண்ணீரில் வைத்தது நல்லதாகப் போயிற்று என்றார் மருத்துவர். இரண்டு வாரத்தில் பையன் பள்ளிக்கு வந்துவிட்டான்.

என்ன தெரிந்தது

அவிழ்ந்த கம்பை ஆசிரியர் கயிற்றோடு எடுத்து வைத்திருந்தார். நல்ல வேலை செய்தார். அந்தக் கம்பு இல்லாவிட்டால் எல்லாம் யூகமாகவே போயிருக்கும். நிற்கும் கம்போடு குறுக்குக் கம்பைப் பிணைக்கும் ஸ்கொயர் லாஷிங்கில், நிற்கும் கம்பில் க்ளவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்புறம் இரண்டு கம்புக்கும் நடுவில் கயிற்றைக் கொண்டுபோய் முதலில் சுற்றிய சுற்றுகளையே நெரிக்கிற மாதிரி இறுக்க வேண்டும். ஃப்ராப்பிங் என்கிற அந்தச் சுற்றுதான் கட்டைக் கட்டாக்குவது. இந்தக் கம்பில் தொடக்க முடிச்சு சரியாக இருந்தது, சுற்றுகளும் இருந்தன. ஃப்ராப்பிங் பெயருக்கு ஒரே ஒரு சுற்று, அதுவும் தளர்வாக. கயிறும் வேறு. பள்ளியில் பழகியது பருத்திக் கயிறு. முகாமுக்குக் கடையில் வாங்கிப் போனது வழவழப்பான நைலான் கயிறு. பள்ளியில் லாஷிங் பழகிய கம்புகளோ சுண்டுவிரல் பருமன் உள்ளவை. கனமான கம்பில் பாரம் ஏற்றி யாரும் பார்த்ததே இல்லை.

கட்டிய இரண்டு பையன்களிடமும், "பானையை வைக்கிறதுக்கு முன்னாடி ஆட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: "சார் வந்து பார்ப்பார்னு நினைச்சோம் சார்."

எனக்கு அந்த நாள் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. மேடையைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு அது தாங்குமா என்று பார்க்கும் பொறுப்பு தங்களுடையது என்று தோன்றவில்லை. முதலுதவி தெரிந்த தலைவனுக்கு அதைத் தொடங்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று தோன்றவில்லை. திறமை எல்லாம் விசிலோடு கட்டப்பட்டிருந்தது. விசில் தோப்பின் மறுபக்கம் இருந்தது.

சின்னப் பையன்கள் அணியில் இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் அடுப்புப் பக்கமே வரவில்லை, கம்பைத் தொடவில்லை. ஒரே வயதினர் என்பதால் அவர்களுக்குள் கற்றுத்தர ஒருவரும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தலைமையாசிரியர் இனி முகாமே வேண்டாம் என்றார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை, "படிக்க அனுப்புன பிள்ளைய ஏன் சார் அடுப்புல நிறுத்துறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாரண ஆசிரியர் எதிர்வாதம் செய்யவில்லை. அரையாண்டுத் தேர்வு முடியும்வரை இரவு முகாம் இல்லை, பள்ளி மைதானத்திலேயே சனிக்கிழமைகளில் சமையலும் கட்டுமானமும் பழகட்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். நிறுத்திவிட்டால், கொட்டிய கஞ்சியிலிருந்து பையன்கள் கற்பது பயம் மட்டும்தான் என்பது அவருடைய எண்ணம். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார்.

முதலில் அணிகளைக் கலைத்தார். ஒவ்வோர் அணியிலும் நாலு வகுப்புப் பையன்களும் இருக்கும்படி மறுபடி பிரித்தார். கால அட்டவணை குழம்பத்தான் செய்தது. சனிக்கிழமை காலைக்குக் கூட்டத்தை மாற்றிச் சமாளித்தார்கள். சில பெற்றோருக்குப் பெரிய பையன்களோடு சின்னவர்களைச் சேர்ப்பதில் தயக்கம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமைப் பற்றி ஆசிரியர் அவர்களிடம் சொன்னார். பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுமாகச் சுமார் 20 சிறுவர்களை நாலு அணிகளாகக் கலந்து, அணிக்கு மூத்த பையன் ஒருவனைத் தலைவனாக வைத்துத்தான் அந்த முகாம் நடந்தது. இயக்கம் தொடங்கிய முறையே அதுதான் என்று கேட்டதும் எதிர்ப்பு குறைந்தது.

அடுத்தது தலைவர் தேர்வு. அணியே தன் தலைவனைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டார். மூன்று தலைவர்களில் ஒருவன் மட்டும் பழைய ரேங்க் பையன். மற்ற இருவரும் படிப்பில் நடுத்தரம்.

புதன்கிழமை மாலையில் மூன்று தலைவர்களுக்கும் மூன்று துணைத் தலைவர்களுக்கும் மட்டும் வகுப்பு. அங்கே கற்றதைச் சனிக்கிழமை அவர்கள் தங்கள் அணிக்குக் கற்றுத்தர வேண்டும். ஆசிரியர் அணிகளுக்கு நேரடியாகச் சொல்லித்தருவதில்லை. தீ, தண்ணீர், கத்தி, இந்த மூன்றிலும் ஆபத்து தெரிந்தால் உடனே குறுக்கிடுவார். மற்றபடி சாதம் குழைந்தாலும் கூடாரம் கோணினாலும் வாய் திறப்பதில்லை. சொல்வதற்கு எளிது. ஓர் அணி உப்பே போடாமல் சாம்பார் வைத்த நாளில் அவர் மைதானத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டதை நான் பார்த்தேன்.

சோதிக்கும் முறையும் மாறியது. கட்டியவர்கள் தாங்களே சோதிக்கக் கூடாது, வேறோர் அணி சோதிக்க வேண்டும். சோதனை எளிது. மேடையின் நடுவில் தண்ணீர் நிறைத்த குடத்தை வைத்து, ஒரு பக்கமாக லேசாகத் தள்ளி, கொஞ்ச நேரம் பார்ப்பது. கம்பு விரல் அளவு இறங்கினாலும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். அதில் தேறாமல் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை.

சாரம் கட்டுபவர் வந்த நாள்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா கட்டட வேலைக்குச் சாரம் கட்டுபவர். மகன் சொல்லித்தான் ஆசிரியருக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை வந்து காட்ட முடியுமா என்று கேட்டு அழைத்தார். இந்த ஆண்டில் நான் பார்த்த பயிற்சிகளில் மிகச் சிறந்தது அது.

அவர் முதலில் நைலான் கயிற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த தேங்காய் நார்க் கயிற்றை எடுத்தார். சவுக்குக் கம்பை நிறுத்தி, குறுக்குக் கம்பை வைத்து, பேசாமல் சுற்றினார். சுற்றி முடித்ததும் வலது பாதத்தைக் கம்பில் ஊன்றி, கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கயிறு கிறீச்சிட்டது. பையன்கள் அதுவரை மணிக்கட்டால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். "நடுவுல நெரிச்சு இழுக்கலேன்னா இது கட்டே இல்ல தம்பி, சும்மா சுத்தி வச்சிருக்கு," என்றார். பிறகு அந்தக் குறுக்குக் கம்பில் தானே ஏறி நின்றார்.

அன்றைக்குப் பிறகு அந்த ஏழாம் வகுப்புப் பையனின் இடம் மாறிவிட்டது. அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் கட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, காலை வச்சு இழுங்கண்ணே," என்றான். பெரியவன் காலை வைத்து இழுத்தான். முன்பு இருந்த அணிகளில் இந்த இருவரும் பேசிக்கொள்ளவே வாய்ப்பில்லை. கைத்தொழில் தெரிந்த பெற்றோர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. அவர்களை ஏன் நாம் அழைப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

கோர்ட் ஆஃப் ஹானருக்கு வந்த வழக்கு

நவம்பரில் ஒரு துணைத் தலைவன் ஆசிரியரிடம் வந்து, தன் அணித் தலைவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஆறாம் வகுப்புப் பையனைத்தான் பாத்திரம் தேய்க்க விடுகிறான், போன வாரம் அவன் மறுத்ததற்குத் தலையில் குட்டினான் என்றான்.

ஆசிரியர் இதை இரண்டாகப் பிரித்தார். கை வைத்தது பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதைப் பையன்கள் தீர்க்கக் கூடாது. அன்றே இரு வீட்டாரையும் பார்த்துப் பேசினார், தலைமையாசிரியருக்கும் தெரிவித்தார். வேலை பிரித்ததில் நடந்த அநியாயத்தை மட்டும் கோர்ட் ஆஃப் ஹானருக்கு அனுப்பினார். தலைவர்கள் கூடிப் படையின் விஷயங்களை முடிவு செய்யும் அந்த அவை, அதுவரை இந்தப் பள்ளியில் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

தலைவர்களும் துணைத் தலைவர்களுமாக உட்கார்ந்தார்கள். பதவியைப் பறிக்க வேண்டும் என்று இருவர் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் முதலில் முறைத்துக்கொண்டிருந்தான். அப்புறம், "யார்கிட்ட வேலை சொன்னாலும் செய்யலை. அவன்தான் சொன்னா செய்வான்," என்றான். சொன்னால் செய்யும் பையன்மேலேயே எல்லாச் சுமையும் விழுந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மற்ற இரண்டு தலைவர்களும் தங்களுக்கும் இதே தொல்லை இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இறுதியில், வேலைச் சுற்று அட்டவணையை எழுதி ஒவ்வோர் அணியும் தொங்கவிட வேண்டும், தலைவன் பெயரும் அதில் இருக்க வேண்டும், இந்தத் தலைவன் ஒரு மாதம் பாத்திரப் பக்கம் இருக்க வேண்டும், பதவி தொடரலாம் என்று முடிவானது.

பதவியை எடுத்துவிடுவதே நல்லது என்று நான் ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அவர், "எடுத்துட்டா அவன் வேலை பிரிக்கக் கத்துக்க மாட்டான் சார். தலைமைங்கிறது பரிசு, தப்பு செஞ்சா பிடுங்கிடுவாங்கன்னு மத்தவனும் நினைப்பான்," என்றார். அவர் சொன்னதில் பாதியை இன்றும் ஏற்கிறேன். அந்தத் தலைவன் திருந்தினான். ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் படைக்கு வரவில்லை. வீட்டில் போய்க் கேட்டபோது, "பிடிக்கலை சார்," என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குட்டியவன் அதே இடத்தில் தலைவனாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு வாராவாரம் வருவது அந்த வயதில் லேசான காரியமில்லை. குறைந்தபட்சம் அவனை வேறோர் அணிக்கு மாற்றும் வாய்ப்பையாவது அவனிடமே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் முகாம்

பிப்ரவரியில் அதே தோப்பு. தலைமையாசிரியர் நிபந்தனைகள் வைத்தார்: கூடுதலாக ஒரு ஆசிரியர், சுகாதார நிலையத்துக்கு முன்தகவல், எல்லாப் பெற்றோரின் எண்களும் அச்சிட்டுக் கையில். நானும் போயிருந்தேன்.

மூன்று மேடைகளில் ஒன்று குடச் சோதனையில் இறங்கியது. கட்டிய அணி முணுமுணுத்தது, ஆனாலும் அவிழ்த்தது. மறுபடி கட்டி முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. அந்த அணி சாப்பிட்டது மூன்று மணிக்கு, அடிப்பிடித்த சோறு. யாரும் குறுக்கிடவில்லை.

மாலையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டான். ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. ஆசிரியர் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் இருந்தார், ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார். அந்த அணியின் தலைவன் பையனை உட்கார வைத்தான், விரலைத் தண்ணீரில் கழுவினான், பெட்டியிலிருந்து துணி எடுத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கச் சொன்னான். இன்னொருவனிடம், "சார்கிட்ட போய் இடது கை ஆள்காட்டி விரல்ல வெட்டு, அழுத்திப் பிடிச்சிருக்கேன்னு சொல்லு," என்றான். துணைத் தலைவனைப் பார்த்து, "நீ அடுப்பைப் பாரு," என்றான். ஆசிரியர் வந்து பார்த்தபோது ரத்தம் நின்றுகொண்டிருந்தது. அவன் பிடித்த பிடியை விடவில்லை. முதல் முகாமில் இங்க் பேனா தேடி ஓடியவன் அவன்தான்.

விளைவு

திருதிய சோபான் தேர்வு முகாமுக்கு 11 பேர் போனார்கள், எட்டுப் பேர் தேறினார்கள். முந்தைய ஆண்டு போனவர்கள் எல்லோரும் தேறியிருந்தார்கள் என்பதால் பள்ளியில் கேள்வி எழுந்தது. தேறாத மூவரும் இடறியது வரைபடம் படிப்பதிலும் வாய்மொழிக் கேள்விகளிலும். சனிக்கிழமைகள் அடுப்புக்கும் கம்புக்கும் போய்விட்டதால் அதற்கு நேரம் போதவில்லை, உண்மைதான். கம்பும் கயிறும் கொண்டு கட்டும் முன்னோடிக் கட்டுமானத்திலும் முதலுதவியிலும் இந்தப் படைக்குத் தேர்வாளர்கள் தனியாகப் பாராட்டுச் சொன்னார்கள்.

படையிலிருந்து ஒருவன் விலகினான், இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். காலில் கஞ்சி கொட்டிய பையன் முகாமுக்கு வர மறுக்கவில்லை. அடுப்புக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். பண்டகக் காப்பாளர் வேலையை எடுத்துக்கொண்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. முகாமில் சாக்ஸ் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்ற விதியைப் படைக்குக் கொண்டுவந்தவன் அவன்.

இனி மாற்றப்போவது

ஒன்பதாம் வகுப்புத் தலைவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பொதுத்தேர்வு என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் படை தலையில்லாமல் தொடங்குவது இதனால்தான். இனி ஜனவரியிலேயே எட்டாம் வகுப்புத் துணைத் தலைவர்கள் பொறுப்பேற்பார்கள், மூத்தவர்கள் மார்ச் வரை பக்கத்தில் இருந்து உதவுவார்கள்.

பயிற்சிக்கும் முகாமுக்கும் ஒரே கயிறு, ஒரே பருமன் கம்பு. முதலுதவியை அட்டவணை போட்டு நடத்தாமல், விளையாட்டின் நடுவில் திடீரென்று ஒருவனை விழச் சொல்லிப் பழக்குவார்கள். தீக்காயப் பயிற்சிக்குச் சுகாதார நிலையச் செவிலியரை ஆசிரியர் கேட்டிருக்கிறார், வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரைபடப் பயிற்சியைத் தனிப் பாடமாக வைக்காமல் தோப்புக்கு நடந்தே போகும் ஹைக்கில் சேர்க்கிறார்கள். வழியை அணிகளே வரைபடம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், பின்னால் ஓர் ஆசிரியர் வருவார்.

சின்னப் பையன்களுக்காக ஒன்று. சாரண ஆசிரியரிடம் புகார் சொல்லப் பயப்படுகிறவன் வேறு யாரிடம் போவான் என்ற கேள்விக்கு இந்த ஆண்டு படையில் பதில் இருக்கவில்லை. முகாமுக்குக் கூட வந்த அந்த இரண்டாவது ஆசிரியர், அறிவியல் ஆசிரியை, இனி மாதம் ஒருமுறை ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்களோடு மட்டும் தனியாக உட்காருவார். விலகிய பையனின் வீட்டுக்கும் ஜூன் முதல் வாரம் அவரே போவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் எந்த அணியில் சேருவது என்பதை அவனே சொல்லட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.